கழுத்தளவில் கேட்ட சத்தம்

ராயப்பன் கையை அசைக்கவில்லை. நீளக் கம்பின் நுனியில் இருந்த வட்டத் தட்டு காவிரியின் அடிமணலில் சும்மாதான் படுத்திருந்தது. ஆனால் காதை இறுக்கிப் பிடித்திருந்த ஹெட்போனில் சத்தம் மெலிதாகத் தொடங்கி, உரத்து, மறுபடி தேய்ந்து, இல்லாமல் போயிற்று. தட்டு நகர்ந்து ஓர் உலோகத்தைக் கடந்தால் அப்படிக் கேட்கும். தட்டு நகராமலே அப்படிக் கேட்டால், உலோகம்தான் தட்டைக் கடந்து போயிருக்க வேண்டும்.

நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றபடி காத்திருந்தான். ஜேடர்பாளையம் அணைக்கு மேலே ஆறு தேங்கி நிற்கும் இடம் அது. எதிரே மிதந்த வைக்கோல் துரும்புகூட இடம் மாறவில்லை. அடியில் இழுப்பு என்று ஒன்றும் இல்லை. புதுத் தண்ணீரின் செம்மண் வாடையும், ஆடிப்பெருக்குக் கூட்டம் விட்டுப்போன சாமந்திப்பூ அழுகும் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. சத்தம் மறுபடி வந்தது. போயிற்று. ஆள் போன வழியே திரும்புவது போல இன்னொரு தடவை வந்தது.

“ஈரம் இறங்கிருச்சு” என்று முணுமுணுத்துக்கொண்டு கரைக்கு நடந்தான்.

அவன் பயந்தாங்கொள்ளி இல்லை. சேலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எந்தப் பெட்டி கரகரவென்று கத்தினாலும் அதற்குள் ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடித்துப் பற்றவைத்துவிட்டால் சத்தம் அடங்கிவிடும் என்பது அவன் வேதம். கப்பலில் வேலை பார்த்த மச்சினன் உபகாரசாமி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மிஷின் இது. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் நகையைக் காதுக்குச் சொல்லிவிடும். எண்பத்து நாலாம் வருஷம் அந்த வட்டாரத்தில் அப்படி ஒன்று வேறு யாரிடமும் இருந்ததாக அவன் கேள்விப்பட்டதில்லை. ஆடிப்பெருக்கு முடிந்ததும் மூக்குத்தியைத் தொலைத்தவர்கள், தோட்டைத் தொலைத்தவர்கள் எல்லோரும் அவனுக்கு ஆள் அனுப்புவார்கள். அவனும் மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளை மாதிரி முறுக்கோடு வந்து இறங்குவான்.

இந்தத் தடவை தொலைந்தது தோடு இல்லை. தாலி.

படித்துறையில் கண்ணாத்தாள் உட்கார்ந்திருந்தாள். வைகாசியில் கல்யாணமானவள். புருஷன் மருதாசலம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போர்க்கிணறு போட ஆந்திராப் பக்கம் போயிருந்தான். ஆடிப்பெருக்கன்று தாலிக்கயிறு மாற்ற அவளை அம்மா சென்னியம்மாள் ஆற்றுக்கு அழைத்து வந்திருந்தாள். மகள் கழுத்து ஒரு கணமும் வெறுமையாக இருக்கக் கூடாது என்று, மஞ்சள் கிழங்கு கட்டிய புதுக்கயிற்றை முதலில் போட்டு முடிச்சிட்டாள். பிறகு பழைய கயிற்றைக் கழற்றி வாழை இலையில் காவிரிக்குப் படைக்கும் காதோலை கருகமணிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதிலிருக்கும் பொன்னை உருவிப் புதுக்கயிற்றில் கோத்த பிறகுதான் பழைய கயிறு ஆற்றோடு போக வேண்டும். பின்னால் கூட்டம் நெருக்கியது, யாரோ தேங்காய் உடைத்தார்கள், சென்னியம்மாள் கை போன போக்கில் இலையை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டாள். இலை கொஞ்ச தூரம் போய்க் கவிழ்ந்ததை இருவரும் பார்த்தபடியே நின்றார்கள்.

“ஏனுங்ணா, கெடச்சுதுங்களா?”

“இருங்கம்மா. மிஷினுக்குள்ள தண்ணி போயிருக்கும்போல. பாத்துட்டு இறங்கறேன்.”

குடத்தில் வைத்திருந்த நல்ல தண்ணீரை ஊற்றி மணல் போகக் கழுவினான். துண்டால் ஒற்றிவிட்டு மூடியின் திருகுகளைக் கழற்றினான். உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்து, விரல் நுனியால் சுற்றிவரத் தடவினான். ஒரு மணல் துணுக்கு போதும். மூடி சரியாக அமராமல் ஆறு முழுக்க உள்ளே வந்துவிடும். வளையத்தில் ஒன்றுமில்லை. பெட்டிக்குள் பொட்டு ஈரம் இல்லை. பேட்டரி முனைகளைத் தேய்த்துத் துடைத்தான், வளையத்துக்குப் புதிதாகக் கிரீஸ் தடவினான், எதிரெதிர்த் திருகுகளாக மாற்றி மாற்றி முடுக்கினான். கடைசியில் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் படிக்கல்லில் வைத்துத் தட்டை மேலே கொண்டுபோனான். சத்தம் எழுந்தது. மேலேயே நிறுத்தினான். சத்தமும் ஏற்ற இறக்கம் இல்லாமல் நின்றது.

மிஷினில் ஒரு பழுதும் இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்.

“பொழுது இறங்குதும்மா. நாளைக்கு வந்து பாக்கட்டுமா?”

“நாளைக்கு வேண்டாமுங்ணா.” கண்ணாத்தாளின் விரல்கள் கழுத்திலிருந்த மஞ்சள் கிழங்கை விடவே இல்லை. “ராத்திரி கண்ணு மூட முடியறதில்லீங்க. அது தண்ணிக்குள்ள கெடக்கக் கெடக்க அவருக்கு என்னமோ ஆயிருமுன்னு நெஞ்சு அடிச்சுக்குது. அவரு எங்கிட்ட நல்லபடியா வந்து சேரோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க.”

பக்கத்தில் சென்னியம்மாள் தன் கைகளை மடியில் மல்லாத்தி வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராயப்பனுக்குத் தன் மனைவி ஜெபமலரின் கழுத்து நினைவுக்கு வந்தது. புறா பொறித்த அவள் தாலியைக் குளிக்கும்போதுகூட அவள் கழற்ற மாட்டாள். பாவமாக இருந்தது. அந்த நேரத்துக்கு அவன் பயத்தைவிட இரக்கம் பெரிதாக இருந்தது.

இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைக் கண்ணாத்தாளிடம் கொடுத்தான். “நான் ரெண்டு தடவ சுண்டினா இழுங்கம்மா. அம்மாவையும் சேந்து இழுக்கச் சொல்லுங்க.”

“சரிங்ணா.”

இலை கவிழ்ந்ததாக அவள் காட்டிய இடம் இன்னும் உள்ளே இருந்தது. கழுத்து வரை தண்ணீர் வந்ததும் நின்றான். அதற்கு அப்பால் தரை சரிகிறது என்பதைக் கால் பெருவிரல் சொல்லியது. மேற்கே வெயில் மஞ்சளாகித் தண்ணீரின் தோலில் மட்டும் கிடந்தது. கீழே உள்ளங்கை அகலத்துக்கு மேல் எதுவும் தெரியாத கலங்கல். ஹெட்போன் போட்டதும் கரையின் சத்தங்கள், பறவைகள், தூரத்துப் பம்புசெட், எல்லாம் அறுந்துபோயின. அவன் மூச்சும் மிஷினின் மெல்லிய இரைச்சலும்தான் மிச்சம்.

தட்டை மணலில் வைத்தான்.

வந்தது. சின்னதாக, கூர்மையாக. வெள்ளி மெட்டிகளை அவன் நிறைய எடுத்திருக்கிறான், மெட்டியின் சத்தம் அவனுக்குப் பழக்கம். ஒன்று கேட்டு அடங்கியதும் பக்கத்தில் இன்னொன்று கேட்டது. அது அடங்க, முதலாவது சற்று முன்னால் தள்ளிக் கேட்டது. பிறகு இரண்டாவது அதைத் தாண்டியது. அந்தத் தாளம் என்ன என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாதது போலக் கொஞ்ச நேரம் நின்றான்.

நடை.

மணலில் ஒருத்தி நடக்கிறாள். அவசரம் இல்லாமல், அடிமேல் அடி வைத்து, புது வீட்டுக்குள் நுழைகிறவள் மாதிரி.

நின்றது. இரண்டு சத்தமும் சேர்ந்து ஒன்றாக நின்றன. அவன் கால்விரல்களுக்கு எதிரே.

மாதாவே என்றான். வாய்க்குள் தண்ணீர் போயிற்று. ஓடிவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கச் சொல்ல, கம்பை மேலே தூக்கினான். மணலைவிட்டு விலகினால் சத்தம் குறைய வேண்டும். குறைந்தது. முழங்கால் உயரத்தில் அடங்கியே போயிற்று. தொடை உயரத்தில் வேறொரு சத்தம் தொடங்கியது. கனமான சத்தம். தூக்கத் தூக்க உரத்தது. வயிற்றுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே வந்தபோது காதே அடைத்துப்போகும் அளவுக்கு நின்றது.

பொன்.

பொன் மிதக்காது. எதிரே தரை ஒரு முழம் பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு பெண்பிள்ளை நின்றால் அவள் கழுத்து எந்த உயரத்தில் வரும் என்று மனம் கணக்குப் போட்டது. போடாதே என்றான். போட்டது.

ஆனாலும் அது கண்ணாத்தாளின் தாலி. கை எட்டும் தூரம். அந்தப் பிள்ளை கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இப்போது விட்டால் இனி ஒருநாளும் இந்த ஆற்றில் இறங்க மாட்டோம் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இடது கையை நீட்டினான்.

நூல் பட்டது. வழுவழுத்த மஞ்சள் நூல், அதன் நுனியில் பொன். பிடித்து இழுத்தான். வரவில்லை. எதில் சிக்கியிருக்கிறது என்று நூலின் வழியே விரலை ஓட்டினான். நூல் வளைந்து பின்னால் போயிற்று. ஒரு முடிச்சு. அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் மூன்றாவது. இறுக்கமாக, புதிதாகப் போட்ட முடிச்சுகள்.

முடிச்சுக்கு அடியில் பிடரி.

வெதுவெதுப்பாக இருந்தது.

இடுப்பில் கத்தி இருந்தது. ஒரு கீறல் போதும், நூல் அறுந்துவிடும், எல்லாம் முடிந்துவிடும். வலது கை கம்பை விட்டுக் கத்தியை எடுக்கவும் செய்தது. அப்போது அவன் விரல்களுக்குக் கீழே அந்தக் கழுத்து மெல்லக் குனிந்தது. குளிர்ந்த உள்ளங்கை ஒன்று அவன் மணிக்கட்டின் மேல் படிந்தது. அது இழுக்கவில்லை, முறுக்கவில்லை. தாலிமேல் பட்டுவிட்ட அந்நிய ஆணின் கையை ஒரு நல்ல குடும்பத்துப் பெண் எப்படி ஒதுக்குவாளோ, அப்படி ஒதுக்கிவிட்டது.

கத்தி நழுவியது.

கயிற்றைச் சுண்டினான். மறுபடி சுண்டினான். மறுபடி. கயிறு தொளதொளவென்று வந்தது. அந்தப் பக்கம் யாரும் பிடித்திருக்கவில்லை. தண்ணீரை அடித்து, குடித்து, முட்டி தேய, நாலு காலில் படிக்கட்டில் ஏறி விழுந்தான். ஹெட்போன் எங்கோ போயிருந்தது.

மேலே ரோட்டில் ஒரு ரிக் லாரி இன்ஜின் ஓடியபடி நின்றது. அதன் கதவு திறந்து கிடந்தது. கண்ணாத்தாள் கயிற்றைக் காலடியில் போட்டுவிட்டு, மேல்படியைப் பார்த்து எழுந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. போர் மண் வெள்ளையாக அப்பிய சட்டையோடு ஓர் ஆள் இறங்கி வந்துகொண்டிருந்தான்.

“ஏனுங்க, எப்ப வந்தீங்க? நான் இங்க இருக்கறேன்னு ஆரு சொன்னாங்க?” அவள் ஒரு படி மேலே ஏறினாள். “நல்லா இருக்கறீங்களா?”

மருதாசலம் அவள் நின்ற படிக்கு வந்து நின்றான். முன்பின் தெரியாத வீட்டுப் பெண்களிடம் பேசுகிற மரியாதையோடு பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

“கொஞ்சம் வழி உடுங்க அம்மிணி” என்றான். “எங்க ஊட்டுக்காரி காத்துட்டிருக்கறா.”

கண்ணாத்தாள் ஒதுங்கவில்லை. அவன் கையைப் பிடித்தாள். அவன் கோபப்படாமல், அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தான். சென்னியம்மாள் “மாப்ள, மாப்ள” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ராயப்பன் பிடிக்க எழுந்தான். எழுந்ததாகத்தான் நினைத்தான், கால்கள் படியிலேயே கிடந்தன. அறுத்திருக்கலாம். கையில் கத்தி இருந்ததே, அறுத்திருக்கலாமே.

முழங்கால் அளவு. இடுப்பளவு. மருதாசலம் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்பளவு வந்ததும் வலது கையைத் தண்ணீருக்கு மேலே பக்கவாட்டில் நீட்டினான், சுண்டுவிரலை மட்டும் வளைத்து. கலங்கலுக்குள்ளிருந்து மஞ்சள் பூசிய ஒரு சிறிய விரல் மேலே வந்து அதில் மாட்டிக்கொண்டது.

இருவரும் ஆழத்தை நோக்கி நடந்தார்கள். அவள் நடைக்கு ஏற்றபடி அவன் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டான்.