நன்றி சொல்லாத கை

எவாரிஸ்தோ எழுந்து போன பிறகும் அவருடைய ஸ்டூலிலிருந்து ஒரு கை கோப்பையை வாங்கிக்கொண்டது. போனவர் திரும்பிவிட்டார் போலிருக்கிறது என்றுதான் டெல்மிரா நினைத்தாள்.

புவெனஸ் ஐரிஸில் ஒரு ரயில் நிலையத்திலிருந்து தெருவுக்குப் போகும் சுரங்கப்பாதை அது. அவளும் தங்கை நில்டாவும் அங்கே குடைக்கடை வைத்திருந்தார்கள். எதிரே எவாரிஸ்தோவின் சலூன். மதியம் பிடித்த புயல்மழையில் மின்சாரம் போனது, தெருப்பக்க ஷட்டரை யாரோ இறக்கிவிட்டார்கள், நிலையத்துப் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது. கைப்பேசியெல்லாம் வராத காலம். வேறென்ன செய்வது, மூவரும் இருட்டிலேயே மாத்தே என்ற இலைத்தேநீர் குடிக்க உட்கார்ந்தார்கள். ஒரே கோப்பை, உறிஞ்சிக் குடிக்க ஒரே உலோகக் குழல். டெல்மிரா ஃபிளாஸ்க்கிலிருந்து இலைமேல் சுடுநீர் ஊற்றி ஒவ்வொருவராகக் கொடுப்பாள். திருப்பித் தரும்போது நன்றி சொன்னால், இனி வேண்டாம் என்று அர்த்தம். சொல்லாதவருக்கு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எவாரிஸ்தோ நன்றி சொல்லிவிட்டுத்தான் ஷட்டரைத் தட்டப் போயிருந்தார்.

ஈரச் சிமெண்டும் முடித்தைலமும் கலந்த வாடைக்கு நடுவே, எங்கோ தண்ணீர் சொட்டும் ஓசைக்கும் நில்டாவின் மூச்சுக்கும் நடுவே, அடிவரை நிதானமாக உறிஞ்சும் சத்தம் எழுந்து அடங்கியது. கோப்பை திரும்பி வந்தது. கொதிநீர் ஊற்றிய கோப்பை, ஆனால் குழல் சில்லிட்டிருந்தது.

“என்ன முதலாளி, போதும்னுட்டு மறுபடி வாங்கிக் குடிக்கிறீங்க? வெக்கமா இல்ல?” என்று நில்டா சிரித்தாள்.

“டெல்மிரா!” எவாரிஸ்தோவின் குரல் தொலைவில், வளைவுக்கு அப்பாலிருந்து வந்தது. “ஷட்டரத் தூக்கிட்டாங்க! வாங்க ரெண்டு பேரும்!”

எதிரே ஸ்டூல் கிறீச்சிட்டது. நில்டாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளால் ஓட முடியாது. டெல்மிரா மறுபடி ஊற்றி நீட்டினாள். விரல்கள் வாங்கிக்கொண்டன.

“நில்டா, நீ முன்னால போ. சுவரப் பிடிச்சுக்கிட்டே போ.”

“நீயும் வாக்கா.”

“கடையப் பூட்ட வேணாமா? நீ ஆடி அசைஞ்சு போய்ச் சேர்றதுக்குள்ள நான் வந்துருவேன். கிளம்புடி.”

நில்டாவின் செருப்பு தரையில் இழுபட்டுக்கொண்டே போனது. எவ்வளவு மெதுவாகப் போகிறாள் என்று டெல்மிராவுக்கு அழுகை வந்தது. ஊற்றினாள். உறிஞ்சல். கோப்பை வந்தது. ஊற்றினாள். ஒருமுறை ஊற்றத் தாமதமானது. ஸ்டூல் நகர்ந்தது. நில்டா போன திசைக்கு.

அவசரமாக ஊற்றி நீட்டினாள். நின்றது.

ஃபிளாஸ்க் லேசாகிவிட்டது. அரைக் கோப்பை. கால் கோப்பை. சில சொட்டு.

பிறகு அதுவும் இல்லை. நீர் வற்றிய இலையில் குழல் கொரகொரத்தது. நெடுநேரம்.

“அக்கா! நான் வந்துட்டேன்! நீ எங்க? திரும்பி வரட்டுமா?”

ஈர விரல்கள் டெல்மிராவின் மணிக்கட்டைப் பிடித்தன. உள்ளங்கையை மேலே திருப்பின. குழலின் சில்லிட்ட முனை தோலில் மெல்ல நகர்ந்தது. நரம்பைத் தேடியது. ஓரிடத்தில் நின்று அழுந்தியது.

“வேணாம்டி,” என்றாள் டெல்மிரா, குரல் உடையாமல். “பூட்டு சிக்கிக்கிச்சு. நீ வீட்டுக்குப் போ.”

கோப்பை அவள் காலடியில் உருண்டு கிடந்தது. உறிஞ்சும் ஓசை நிதானமாகத் தொடங்கியது.