இயந்திரத்துக்கு மட்டும் ‘ப்ளீஸ்’

“லாங் ஐலண்டா? யாரு உன்னை லாங் ஐலண்டுக்கு போட் டிக்கெட் போடச் சொன்னது?”

உதயசூரியன் கத்திய கத்தலில் வைஜெயந்தியின் பென்சில் கீழே விழுந்தது. லம்பா லைன் பகுதியில் இருக்கும் அவருடைய சுற்றுலா அலுவலகத்தில்தான் அவள் அம்மா நளினி வேலை பார்த்தார். பள்ளி விட்டதும் வைஜெயந்தி அங்கே வந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

“எந்தத் தீவுன்னு காலையிலேயே கேட்டேன் சார். ‘ஆறு டிக்கெட், நாளைக்கு, ஜல்தி’ன்னு மட்டும்தான் சொன்னீங்க...”

“கேள்வி வேற! கெஸ்ட் நீல் ஐலண்ட் போறாங்க. சனிக்கிழமை லீவு கேட்டியே, அது கட்!”

வைஜெயந்திக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமை அவளுக்கு நீச்சல் போட்டி. அம்மா பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

உதயசூரியன் கணினி முன் உட்கார்ந்தார். ஏஐயிடம் எதைக் கேட்டாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவது அவர் வழக்கம்.

“வணக்கம். நீல் ஐலண்ட் டூருக்கு ஒரு விளம்பரம் எழுதிக் கொடுங்க, ப்ளீஸ்.”

‘எத்தனை நாள் சுற்றுலா?’ என்று திரையில் வந்தது.

“ஆஹா, நல்ல கேள்வி! ரெண்டு நாள். தேங்க் யூ.”

வைஜெயந்தி எழுந்தாள்.

“அங்கிள், அது கேட்டா நல்ல கேள்வி. எங்கம்மா கேட்டா ‘கேள்வி வேற’யா?”

“வைஜு, சும்மா இரு,” என்றார் அம்மா.

“இருக்க மாட்டேன்.”

உதயசூரியன் சிரித்தார். “அரே பாப்பா, இதுகிட்ட விவரமா, மரியாதையா சொன்னாத்தான் வேலை சரியா வரும்.”

“அப்போ அம்மாகிட்ட சொன்ன மாதிரி சொல்லிப் பார்ப்போம்.”

அவர் தடுப்பதற்குள் அவள் தட்டிவிட்டாள்: ‘ஆறு டிக்கெட். நாளைக்கு. ஜல்தி!’

‘எந்த ஊருக்கு டிக்கெட் வேண்டும்?’ என்று கேட்டது ஏஐ.

“அம்மாவும் இதைத்தானே கேட்டாங்க? ம், திட்டுங்க அங்கிள். இதோட லீவையும் கட் பண்ணுங்க!”

வாசலில் நின்ற டிரைவர் முனியாண்டி குபீரென்று சிரித்தார். உதயசூரியன் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார். பிறகு நளினியைப் பார்த்தார்.

“டிக்கெட்டை மாத்த முடியுமா, நளினி?”

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எந்தத் தீவு, எந்த நாள், எத்தனை பேர் சார்?”

“நீல் ஐலண்ட். நாளைக்கு. ஆறு பேர்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “ப்ளீஸ்.”

வைஜெயந்தி இன்னும் நகரவில்லை. “சனிக்கிழமை?”

“போயிட்டு வரட்டும்மா!”

“யாரு, எங்கே, எந்தச் சனிக்கிழமை? விவரமா சொல்லுங்க அங்கிள்.”

அவர் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் வைஜெயந்தி கீழே கிடந்த பென்சிலை எடுத்தாள்.