மடங்காத நாற்பது இருக்கைகள்

கையை எடுத்தால் தானாக மேலே மடங்கிக்கொள்ள வேண்டிய இருக்கை, மடங்கவில்லை. நாற்காலிக்காரர் குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தார். புது ஸ்டேடியத்தின் இருக்கைகளையெல்லாம் மாட்டியவர் என்பதால் அவருக்கு அங்கே அதுதான் பெயர். ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை. நிமிர்ந்தபோதுதான் கவனித்தார்: அந்த வரிசையில் எதுவுமே மடங்கவில்லை, மேலே மூன்று வரிசைகளிலும் அப்படியே. மொத்தம் நாற்பது.

திறப்பு விழாவுக்கு இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது. சுள்ளென்ற வெயிலிலும், புதுப் பெயிண்ட் வாசனையை மீறிக்கொண்டு, ஈரத்துணியை நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்தாற்போல ஒரு வீச்சம் அந்த இருக்கைகளிலிருந்து எழுந்து அவர் தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

அந்த நாற்பதும் பழைய ஸ்டேடியத்தின் உச்சியில் இருந்தவை. பந்தாட்டம், ஓட்டப்பந்தயம், பாட்டுக் கச்சேரி, சர்க்கஸ் என்று எதற்கும் இடம் கொடுத்த அந்தக் கட்டடம், பெருவெள்ளத்தில் ஊருக்கே அடைக்கலம் கொடுத்தது. படிக்கட்டு இடிந்து உச்சியில் மாட்டிக்கொண்டவர்களிடம் மட்டும் ஆட்கள் போய்ச்சேர ஆறு நாளானது. நாற்பது உடல்களையும் உட்கார்ந்த நிலையிலேயே இறக்கினார்கள். பிறகு கட்டடத்தை இடித்தபோது, “நல்ல சீட்டு சார், பெயிண்ட் அடிச்சா புதுசுதான்” என்று ஒற்றைக்காலில் நின்று இங்கே கொண்டுவந்தது நாற்காலிக்காரர்தான். அன்றைக்கு அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தார்.

இரண்டு கையாலும் இருக்கையை மேலே தள்ளிப் பார்த்தார். மேலிருந்து ஒரு பாரம் அழுத்தியது. அசைந்து, சரிப்படுத்திக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தது.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

“சார், இந்த பிளாக்ல யாரையும் உட்கார வைக்காதீங்க.”

“ஏன், ஒடைஞ்சிருக்கா?”

“ஒடையல சார்...”

“அப்புறம் என்னய்யா? ஸ்கூல் பிள்ளைங்க ஏறியாச்சு. வழிய விடு.”

ஸ்கூல் பிள்ளைகள். அவர் மகளின் வகுப்பு.

படியில் காலடிச் சத்தம் தடதடவென்று ஏறி வந்தது. கையை அகல விரித்துக்கொண்டு மறித்தார். இடுப்பளவு பிள்ளைகள், கைக்கு அடியில் புகுந்து சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

“அப்பா! இது நீ மாட்டின சீட்டா?”

“உட்காராதம்மா!”

“ஏம்ப்பா?”

அதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

கால் தரைக்கு எட்டவில்லை. அவளுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. வெறும் காற்று. பக்கத்துப் பிள்ளைக்கும் அப்படியே. அதற்கடுத்த பிள்ளைக்கும். நாற்பது பேருக்கும்.

சிரிப்பு நின்றது. மகளின் சட்டை, இடுப்பைச் சுற்றி உள்ளே அழுந்தியது. விரல் விரலாக.

“என்கிட்ட வா. வாடி தங்கம்.”

அவள் கையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். உள்ளங்கை ஜில்லென்று ஆகிக்கொண்டு வந்தது.

“விடுப்பா,” என்றாள், கண் செருக. “தூக்கம் வருது.”

நாற்பது தலைகளும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்தன, எதன்மேலோ. மகளின் நெற்றியில் விழுந்திருந்த முடி மெல்ல விலகிக் காதோரம் போய்ப் படிந்தது.