சலவை இல்லாத நாளில் தண்ணீர்

அன்று சலவை நாள் இல்லை. ஆனாலும் பிற்பகல் முழுக்க யாரோ படியேறித் தண்ணீர் சுமந்தார்கள். வாளியின் கைப்பிடி கிரீச்சிடுவதும், ஷெல்ட் ஆற்றின் சேற்று வாடை கல்லிடுக்கு வழியாக ஏறி வருவதும், அடுத்த அறையில் அகலமான எதற்குள்ளோ தண்ணீர் விழ விழ அந்தச் சத்தம் கனத்துப்போவதும் சிறை அறையின் வைக்கோலில் கிடந்த டிக்னாவுக்குத் தெரிந்தது. காலையிலிருந்தே அவளுக்குப் பிரசவ வலி. போர்வை நுனியைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தாள்.

ஆன்ட்வெர்ப்பில் நாடா நெய்து பிழைத்தவள். வளர்ந்த பிறகு, புத்தி தெரிந்து, ஒரு கொட்டகையில் ஞானஸ்நானம் வாங்கினாள். ஒன்றுமறியாத சிசுவின் தலையில் தண்ணீர் ஊற்றுவது வீண் சடங்கு என்று அவளும் கணவனும் நம்பினார்கள். அதற்காக அவனை வசந்தத்தில் எரித்தார்கள். பிள்ளை பிறந்ததும் இவளை மூழ்கடிக்க வேண்டும் என்பது தீர்ப்பு. அதையும் சிறைக்குள்ளேயே முடித்துவிடுவார்கள்; வெளியே கொண்டுபோனால் இந்தச் சபை ஜனங்கள் சாகப்போகும்போதும் ஊர் கேட்கப் பாடித் தொலைக்கிறார்களாம்.

அந்திக்குச் சிறைக்கு ரொட்டி கொண்டு ரொட்டிக்காரி யோசினா வருவாள். ரகசியமாக அவளும் அதே சபைக்காரிதான். அதுவரை யாருக்கும் தெரியாமல் பெற்றுவிட்டால், பிள்ளையைக் காலிக் கூடையில் வைத்துக் கொண்டுபோய்விடுவாள். சாவது டிக்னாவுக்குப் பெரிதில்லை. பிள்ளை இவர்கள் கையில் சிக்கக் கூடாது.

கதவு திறந்தது. காவலனின் மனைவி லைஸ்பெட்.

"என்னடி, மூஞ்செல்லாம் வேர்த்திருக்கு?"

டிக்னா போர்வை நுனியால் முகத்தைத் துடைத்தாள்.

"மறுஞானஸ்நானக்காரிங்க செத்தாலும் பொய் சொல்ல மாட்டீங்களாமே? அதையுந்தான் பாப்போம். வலி வந்துடுச்சா? இல்லன்னு சொல்லு, நான் பாட்டுக்குப் போயிடுறேன்."

இல்லை. ஒரே சொல். நாக்கு நுனிவரை வந்தது. கணவன் இப்படி ஒரு சொல் சொல்லியிருந்தால் நெருப்புக்குப் போயிருக்க மாட்டான்.

"வந்துடுச்சுக்கா."

லைஸ்பெட் சிரித்துவிட்டாள். "அடி பைத்தியக்காரி."

பிள்ளை பிறந்தது. பெண். முகம் பார்க்க விடவில்லை. தோளைப் பிடித்து அடுத்த அறைக்கு இழுத்தார்கள். சலவைத் தொட்டி. விளிம்புவரை தண்ணீர். அருகே பாதிரியார், அவர் கையில் பிள்ளை.

"ஞானஸ்நானக் கிண்ணம் எங்கம்மா?"

"மறந்துட்டேன் சாமி," என்றாள் லைஸ்பெட். "இதுலயே அள்ளிக்கோங்க. எல்லாம் ஆத்துத் தண்ணிதானே."

டிக்னா உயிருக்காக ஒருநாளும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சினாள். "என்னைய மொதல்ல முடிச்சிருங்க. அதப் பாக்க வைக்காதீங்க."

கீழே வாசலில் யோசினா ரொட்டிக்குக் குரல் கொடுப்பது கேட்டது.

பாதிரியாரின் கை தொட்டிக்குள் இறங்கியது. பிதாவின் பெயரால். பிள்ளை வீறிட்டது. சுதனின் பெயரால். டிக்னா திமிறினாள். தண்டனையை நிறைவேற்ற வந்தவன் பொறுக்கவில்லை. கூந்தலைப் பிடித்து மல்லாக்க அமுக்கினான்.

தண்ணீர். காதில். மூக்கில். வாயில்.

கண்கள் மூடவில்லை. மேலே மங்கல் வெளிச்சம். ஆடும் முகங்கள். அவள் முகத்துக்கு நேர் மேலே தண்ணீர் உடைந்தது. பாதிரியாரின் கை உள்ளே வந்து, அவள் வாயிலிருந்து கிளம்பிய குமிழிகளோடு, மூன்றாவது முறையாக அள்ளிக்கொண்டு மேலே போனது.