கருணை வேலை

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலாளி சென்னியப்பன் சட்டைக் கையை மடித்து, பூசாரி தட்டைக் காட்டுவதுபோல எல்லோருக்கும் மணிக்கட்டைக் காட்டுவார். வலிப்பட்டை மின்னும். சங்ககிரி லாரிப் பட்டறைகளில் இப்போது அதுதான் சட்டம். தொழிலாளியின் கழுத்தில் நரம்புச் சில்லு இருக்கும். அவருக்கு அடிபட்டால் வலி குறையும்வரை அதே வலி முதலாளிக்கும் ஏறும். பட்டையைப் பூட்டியவர் விரல் வைத்தால்தான் அது திறக்கும்.

அந்தப் பட்டையை நம்பித்தான் மேகலா இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். சட்டம் வருவதற்கு முன், அவள் அண்ணன் குமரேசன் இதே இடத்தில் லாரி டயருக்குக் காற்றடிக்கும்போது டயரைச் சக்கரத்தோடு பிடித்திருக்கும் லாக் ரிங் என்ற இரும்பு வளையம் தெறித்துச் செத்தான். டயரை உள்ளே வைத்துக் காற்றடிக்கும் பாதுகாப்பு இரும்புக் கூண்டைச் சென்னியப்பன் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார். மகராசன், அண்ணிக்குப் பின்னறையில் கருணை வேலை கொடுத்தார். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது.

"என்ன வேலை அண்ணி?" என்று மேகலா கேட்டிருக்கிறாள்.

"சும்மா உக்காந்திருக்கிற வேலைதான்" என்பாள் வசந்தி.

கூண்டு இன்னும் வரவில்லை. அன்று மேகலா ரிங்கைச் சரியாக உட்கார வைக்காமலே காற்றை ஏற்றினாள். ஒதுங்கி நின்று வலது கையை மட்டும் ரிங்குக்கு நேரே நீட்டினாள். அண்ணன் பட்டதில் கொஞ்சமாவது அந்த ஆள் படட்டும்.

வெடித்தது. கை நொறுங்கியது. கண் இருட்டும்போதும் அவள் முதலாளியைத்தான் பார்த்தாள். அவர் டீ கிளாஸைக் கீழே வைக்கக்கூட இல்லை. பின்னறையிலிருந்துதான் அலறல் வந்தது.

"பாத்து அடிக்கக்கூடாதா அம்முணி? பாவம், உங்க அண்ணிக்கல்ல வலிக்குது" என்றார் சென்னியப்பன். அவர் கையில் மின்னியது பொம்மைப் பட்டை.

காயமில்லாத வலது கையைப் பிடித்துக்கொண்டு வசந்தி வெளியே வந்தாள். நிஜப் பட்டை அவள் கையில் இருந்தது. "இதுக்குத்தான் சம்பளம். சொல்ல வெக்கமா இருந்துச்சு மேகலா."

மேகலா யாரை அடிக்க நினைத்தாள், யாரை அடித்துவிட்டாள்.

வசந்தி தானே பூட்டிய பட்டையில் விரலை வைத்துத் திறந்தாள். சென்னியப்பன் நாற்காலியை விட்டு எழுவதற்குள் அவர் கையில் பூட்டிவிட்டாள். டீ கிளாஸ் விழுந்தது. பின்னாலேயே அவரும் விழுந்தார்.

"கழட்டும்மா, உன்னைக் கும்பிடறேன்" என்று தரையில் புரண்டார். வசந்தி காதில் வாங்கவில்லை. மேகலாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆம்புலன்ஸ் வருது. வந்ததும் வலிக்கு ஊசி போடச் சொல்லட்டுமா கண்ணு?"

மேகலா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணி. இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும். சும்மா உக்காந்திருக்கிற வேலைதானே, அவரும் பாக்கட்டும்."