குட்டிகள் நுழையாத பெட்டி

கினிப்பன்றிக் குட்டிகள் மூன்றும் பெட்டிக்குள் போகவே இல்லை.

புது இடத்துக்கு வந்த குட்டிகள் முதலில் இருட்டைத்தான் தேடும், ஒளிந்துகொள்ள ஒரு மறைவு வைத்தால் தானாகப் பழகிக்கொள்ளும் என்று பஸ் ஸ்டாண்டில் விற்றவர் சொல்லியிருந்தார். சிந்துஜா கூடத்து மூலையில் செங்கல் அடுக்கி, வைக்கோல் பரப்பி, தண்ணீரும் கொத்தமல்லித் தழையும் வைத்தாள். மாடிப்படிக்கு அடியில் யாரோ விட்டுப்போயிருந்த ஒரு சாண் மரப்பெட்டியில் அவள் கணவன் மாறன் கை நுழையும் அளவுக்கு ஓட்டை அறுத்துக் கொடுத்தான்; அதற்குள்ளும் வைக்கோல் போட்டு, மூலையில் சுவரை ஒட்டி வைத்தாள். ஆனால் மதியத்திலிருந்து குட்டிகள் எதிர்மூலையில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, அந்த ஓட்டையையே பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தன.

வேங்கிக்காலில் அந்தப் புது வீட்டு வரிசையில் குடிவந்தது அவர்கள் மட்டும்தான். சுவரில் இன்னும் சுண்ணாம்பு வாடை போகவில்லை. சாயங்காலம் கரண்ட் போனதும், மெயின் ரோட்டில் கிரிவலக் கூட்டத்தை ஏற்றிவரும் பஸ்களின் ஹாரன் ஓய்ந்த இடைவெளிகளில், பெட்டிப் பக்கமிருந்து ஈரமண்ணும் திரிந்த பாலும் கலந்த ஒரு வாடை மெல்ல எழுந்து வருவதை சிந்துஜா உணர்ந்தாள்.

மாறன் டார்ச்சோடு வந்தான். "இன்னும் இங்கியே உக்காந்துனு இருக்குதா?"

"அந்தப் பெட்டிய எடுத்துடலாங்க. அதுங்க எதுக்கோ பயப்படுது."

"உன்ன மாதிரிதான். கல்யாணமாயி வந்த புதுசுல நீயும் மூலையில உக்காந்து அழுதுனு இருந்த. அழ அழ வேல வாங்கினேன், அடங்கலயா நீ?"

அவன் குனிந்து, இருப்பதில் சிறியதைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கினான். அது கீச்சிட்டது. காலை உதறியது. ஓட்டையில் திணித்தான்.

கீச்சல் பாதியில் அறுந்தது.

"பாத்தியா, கம்முனு ஆயிடுச்சு."

"வெளிய எடுங்க. உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன்."

அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் மாறனுக்குச் சிரிப்பு வந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே இரண்டாவதையும் எடுத்தான். அது அவன் விரலைக் கடித்தது. அதையும் திணித்தான்.

மறுபடி அதே அமைதி.

மூன்றாவதை அவள் முந்தானையில் வாரிக்கொண்டாள். அதன் நெஞ்சு அவள் உள்ளங்கையில் படபடத்தது.

மாறன் ஓட்டைக்குள் டார்ச் அடித்தான். வைக்கோல் தெரியவில்லை. குட்டிகள் தெரியவில்லை. பின்பலகையும் தெரியவில்லை.

"எங்க போச்சு?"

தரையில் படுத்து வலக்கையை உள்ளே விட்டான். மணிக்கட்டு வரை போனது. துழாவினான். முழங்கை வரை போனது.

சிந்துஜா பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தாள். பலகை. அதை ஒட்டிச் சுவர்.

தோள் வரை போனது.

"சிந்து." அவன் குரல் மாறியிருந்தது. "எதுவோ பிடிச்சுனு இருக்கு. இழு. இழுடி!"

குட்டியை மடியில் கட்டிக்கொண்டு, அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அவன் அலறினான். எலும்பு முறியும் சத்தம் பெட்டிக்கு உள்ளிருந்து கேட்கவில்லை. சுவருக்குள், வெகு தூரத்தில் கேட்டது.

பிறகு அலறல் நின்றது.

அவன் முகம் தெளிந்தது. வலியே இல்லாதவன்போல அவளைத் திரும்பிப் பார்த்தான். இடக்கையால் அவள் மணிக்கட்டைப் பற்றினான். அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்தது.

"வா," என்றான். "உள்ள நெறைய எடம் இருக்கு."

"விடுங்க."

விடவில்லை.

டார்ச் உருண்டு போய் அவன் முகத்தில் வெளிச்சம் போட்டது. கன்னம் ஓட்டையில் ஒட்டியிருந்தது. மெதுவாக ஒடுங்கியது. தாடை உள்ளே போனது. ஒரு கண் போனது. மடியில் குட்டி வீறிட்டது. வெளியே மிச்சமிருந்த பாதி வாய் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக, அவளையும் இழுத்துக்கொண்டு, அந்த ஒரு சாண் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.