ஜன்னல் உயிருக்கு

ஆர்ன்,

அன்று அறையில் யார் யார் இருந்தோம், எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் எதையும் கூட்டிச் சொன்னதாகப் பிறகு நீ நினைக்கக் கூடாது.

உன் அப்பா ஜன்னலை ஒட்டித் தன் சாய்வு நாற்காலியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருந்தார். நம் சிக்னி சோபாவில். மடியில் ஆஸ்துமா மருந்தும் படம் வரையும் நோட்டும். பக்கத்து வீட்டு லவான் தரையில், மின்விசிறிப் பெட்டிக்கு அருகே. நான் கதவோரம் மர நாற்காலியில், கதவிடுக்கில் செருகிய ஈரத்துண்டு காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர். ஐந்தாவது ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி. நீ காட்டுத்தீ அணைக்கப் போய் ஆறாம் நாள். கைபேசிக் கோபுரம் எரிந்து மூன்றாம் நாள். வெளியே வானம் துருப்பிடித்த தகரம் மாதிரி கிடந்தது. பகலிலேயே விளக்கு போட்டிருந்தோம்.

வீட்டில் ஓர் அறையையாவது சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று வானொலியில் சொன்னபடி எல்லாம் செய்திருந்தேன். ஜன்னலைச் சாத்தி, அதன் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். சதுர மின்விசிறியைச் சுற்றி வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்துக்குப் போடும் காற்று வடிகட்டி அட்டைகளை வைத்து ஒரு பெட்டி கட்டினேன். இரண்டே நாளில் வெள்ளை அட்டைகள் தேநீர் நிறத்துக்கு மாறிவிட்டன. அடுப்பு பற்றவைக்கவில்லை, மெழுகுவத்தி கூட ஏற்றவில்லை. ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும்தான் சாப்பாடு.

லவான் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சின்னக் கருவி கொண்டுவந்திருந்தாள். அறையில் எவ்வளவு கரியமிலவாயு சேர்ந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும்.

"நாம விடற மூச்சை எண்ணுதுன்னு வச்சுக்கோ. வெளிக்காத்து நானூறு. அதுக்கு மேல இந்த அறையில ஆளுக்கு ஒரு நானூறு ஏறும்" என்றாள்.

"லவான் பேசற பேச்சுக்குத் தனியா ஒரு ஐநூறு போட்டுக்கோ, எல்னா" என்றார் உன் அப்பா.

"நாப்பது வருஷம் அறுவை மில்லுல மரத்தூளை முழுங்கிட்டு, பெரியவரு எம் மூச்சுக்கு விலை வைக்கறாரு!"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாயிற்று. கருவி இரண்டாயிரம் காட்டியது. லவான் சொன்ன கணக்குச் சரியாக இருந்தது. மணிக்கு ஒருமுறை அந்த எண்ணைக் குறித்து வைத்தேன். என் சுபாவம் உனக்குத் தெரியும்.

ஒன்றே காலுக்கு அவர் மூச்சு மாறியது. ஆம்புலன்ஸ் வர வழியில்லை, சாலையை மூடியிருந்தார்கள். லவான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

"எல்னா, ஜன்னல்."

"வெளியில முழுக்கப் புகை, மாமா."

"தெரியும். ஒரு சாண் போதும்."

உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாதா? ஒருவர் சாகும்போது, வெளியே போகக் கதவு உடம்புக்கு, ஜன்னல் உயிருக்கு என்பீர்களே. உன் அம்மா இறந்துபோன ஜனவரியில், தண்ணீர்க் குழாயெல்லாம் உறைந்து வெடித்த குளிரிலும், இதே ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உன் அப்பா கோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஆனால் இப்போது சோபாவில் சிக்னி விசில் மாதிரி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சிக்னி இருக்காளே, மாமா."

அவர் சிக்னியைத் திரும்பிப் பார்த்தார். "சரி, அப்புறம் திறப்பியா?"

"திறக்கறேன்."

ஒன்று நாற்பதுக்குப் போய்விட்டார். உன்னிடம் இதை நேரில் சொல்ல முடியாமல் காகிதத்தில் சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு.

"இப்பத் திறடி. ஒரு நிமிஷம்தானே" என்று லவான் காதோடு சொன்னாள்.

நான் திறக்கவில்லை. புகை அடங்கியதும் திறக்கலாம், உயிருக்கு என்ன அவசரம் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், ஆர்ன். மறைக்கவில்லை.

நாலு மணிக்கு உள்ளூர் ஆட்கள் இரண்டு பேர் முகமூடியோடு வந்து அவரைக் கதவு வழியாக எடுத்துப்போனார்கள். லவான் தன் ஆடுகளைப் பார்க்கப் போனாள். ஆக்சிஜன் இயந்திரத்தை நிறுத்தினேன். துண்டை நனைத்து இடுக்கில் செருகினேன். இனி நானும் சிக்னியும் மட்டும். எண் ஆயிரத்து இருநூறுக்கு இறங்க வேண்டும்.

ஆறு மணிக்குப் பார்த்தேன். ஆயிரத்து அறுநூறு.

பேட்டரியை மாற்றினேன். கருவியை அலமாரி மேல் வைத்தேன், தரையில் வைத்தேன், எங்களைவிட்டுத் தள்ளி மூலையில் வைத்தேன். ஆயிரத்து அறுநூறு.

மூன்று பேரின் மூச்சு.

சனிக்கிழமை காலை எழுந்தபோது தலை பாறையாகக் கனத்தது. மணி எட்டு, ஆயிரத்து எண்ணூறு. மணி ஒன்பது, இரண்டாயிரத்து நூறு. இயந்திரம் இல்லாமல் திணறுகிறவர் இரண்டு ஆள் காற்றை இழுப்பார் என்று மனதில் ஓடியது. ஓடிய நினைப்பை நானே அதட்டினேன்.

சிக்னி சோபாவில் சுருண்டு கிடந்தாள்.

"அம்மா, தாத்தா ஏன் இன்னும் கொர்ர்னு மூச்சு விடறாரு?"

"அது மின்விசிறிச் சத்தம்டா."

"இல்லம்மா. அதை நிறுத்திப் பாரு."

நிறுத்தினேன்.

அறை அமைதியாகவில்லை.

ஜன்னல் பக்கமிருந்து வந்தது. ஈர மரத்தூளுக்குள் யாரோ மெதுவாகக் கோலை விட்டு இழுப்பது மாதிரி. பார்த்தேன். ஜன்னல் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் உள்பக்கமாக உப்பியது. நின்றது. பிறகு கண்ணாடியோடு போய் ஒட்டிக்கொண்டது.

மறுபடி உப்பியது.

வெளியே காற்று இல்லை. பைன் மரத்தில் ஓர் ஊசி இலை அசையவில்லை.

எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு இருபத்தெட்டு முறை. வியாழக்கிழமை அவருக்கு லவான் எண்ணிச் சொன்னதும் இருபத்தெட்டுதான்.

சிக்னியின் உதட்டோரம் நீலம் பாய ஆரம்பித்திருந்தது. கதவைத் திறந்து அடுத்த அறைக்குப் போகலாம் என்றால் அங்கே கண்ணைத் திறக்க முடியாத புகை. இங்கேயே இருந்தால் இந்த அறையின் காற்றை எங்களோடு பங்கு போட்டு ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார். வெளியே போனால் புகை. உள்ளே இருந்தால் அவர்.

வாக்குக் கொடுத்தது நான். நிறைவேற்றிவிடலாம் என்று எழுந்தேன். சிக்னிக்கு முகமூடி மாட்டி, ஈரப் போர்வையால் மூடினேன். சமையல் கத்தியால் தாளைக் கீறினேன். ஜன்னல் கதவைச் சரியாக ஒரு சாண் மேலே தூக்கித் திறந்தேன்.

"மாமா, திறந்துட்டேன். போங்க."

புகை மஞ்சளாக வழிந்து உள்ளே வந்தது. கண் எரிந்தது. ஒரு நிமிடம் நின்றேன். இரண்டு நிமிடம் நின்றேன். வெளியே எதுவும் போகவில்லை.

சாய்வு நாற்காலியின் தோல், யாரோ இன்னும் ஆழமாகச் சாய்ந்துகொள்வது மாதிரி, மெல்ல முனகியது.

போர்வைக்குள்ளிருந்து சிக்னியின் குரல்.

"அம்மா, தாத்தா வரமாட்டாராம். வெளியில புகையா இருக்காம்."

நான் ஜன்னலைச் சாத்தினேன். வேறு என்ன செய்வது, சொல். பன்னிரண்டு வருடமாக ஒரு நல்ல மூச்சுக்குத் தவித்த மனிதருக்கு, சுத்தமான காற்றோடு ஓர் அறையைக் கட்டிக் கொடுத்தவள் நான்தான். அதைவிட்டு அவர் ஏன் போவார்?

சிக்னியின் மருந்துக் குப்பியைக் குலுக்கினேன். காலி.

கடவுள் செயல்தான், பத்தேகாலுக்கு லவான் கதவை உதைத்தாள்.

"ஒரு மணி நேரம் ரோட்டைத் தொறக்கறாங்க! முன்னாடி தீயணைப்பு வண்டி போகும், பின்னாடியே நாம. போட்டோ, துணி ஒண்ணும் வேணாம், புள்ளையைத் தூக்குடி!"

தூக்கினேன். வாசலில் ஒரு கணம் நின்றேன். திரும்பிப் போய் மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்தேன்.

"ஆளில்லாத வீட்டுல எதுக்குடி அது?" என்றாள் லவான்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். கீறிய தாள் அந்தக் காற்றில் நிதானமாக, வலியில்லாமல், ஏறி இறங்கியது.

இப்போது மிசோலா நகரத்தில் இருக்கிறோம். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் பெரிய காற்று வடிகட்டிகள் வைத்து, கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சிக்னிக்கு உடனே மருந்து கொடுத்தார்கள். உதட்டில் பழைய நிறம் வந்துவிட்டது. நிமிடத்துக்கு இருபது மூச்சு, நானே எண்ணினேன். லவான் அவள் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிறாள். உங்கள் முகாமுக்குச் சாப்பாடு ஏற்றிப்போகும் லாரி கடிதங்களையும் கொண்டுபோகிறதாம். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

ஆர்ன், என் வேண்டுகோள் இது ஒன்றுதான். மழை பெய்து புகை முழுக்க அடங்கட்டும். நீ முதலில் போ. சிக்னியைக் கூட்டிக்கொண்டு நான் பிறகு வருகிறேன். ஜன்னலை ஒரு சாண் இல்லை, முழுக்கத் திற. வாக்குத் தவறிய மருமகள் கூப்பிட்டால் வராதவர், மகன் கூப்பிட்டால் வருவார். அதுவரை யாரும் அந்த மின்விசிறியை நிறுத்த வேண்டாம்.

எல்னா

ஆர்ன், இதை உறையின் முதுகில் எழுதுகிறேன். உள்ளே இருப்பதைப் படித்துவிட்டுப் பதறாதே, சிக்னி நன்றாகத் தூங்குகிறாள். உறை புதியது, இங்கே மேசையில் இருக்கும் பெண் என் கண் முன்னால் புதுக் கட்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள். கடிதத்தை மடித்து வைத்து, ஒட்டுவதற்கு வாயருகே கொண்டுபோனேன். நாக்கு படும் முன்பே பசை ஈரமாக இருந்தது. யாரோ மூச்சு விட்ட மாதிரி இளஞ்சூடாக இருந்தது. ஒட்டிக்கொண்டுவிட்டது. லாரிக்காரர் கை நீட்டுகிறார், கொடுத்துவிடுகிறேன்.